1988 ஜகுவார் எக்ஸ்ஜே-எஸ்: இப்போது வாங்கி வைத்தால் நாளைக்கு மதிப்பு வருமா?

பண்டாரவளை தாரணி | சனி, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் அப்பா இங்கே ஒரு டொக்டர் வீட்டில் சாரதியாக இருந்தவர். டொக்டர் இங்கிலாந்தில் வேலை செய்துவிட்டு 1994இல் திரும்பி வந்தபோது, அங்கே ஓட்டிய காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஜகுவார் எக்ஸ்ஜே-எஸ், 1988, பன்னிரண்டு சிலிண்டர் வி12 எஞ்சின் (எச்ஈ என்ற வகை), இரண்டு கதவு, கருநீலம். மைலேஜ் 92 ஆயிரம் மைல். அப்பா 2016 வரைக்கும் அதை ஓட்டினார், 2019இல் தவறிவிட்டார். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு வந்து வாரத்துக்கு 20 லீற்றர் என்று ஆனபோது டொக்டர் காரை கராஜில் போட்டுப் பூட்டினார். அதற்குப் பிறகு இடைக்கிடை ஸ்டார்ட் பண்ணுவதோடு சரி.

டொக்டருக்கு இப்போது 84 வயது. பிள்ளைகள் மெல்பேர்னில். காரை விற்கச் சொல்கிறார்கள். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "உன் அப்பா பார்த்த வண்டி, முதலில் உன்னிடம்தான் கேட்கிறேன்" என்றார். 32 லட்சம் சொல்கிறார். ஒரு பழைய வேகன் ஆர் விலைகூட இல்லை.

நான் பாடசாலை ஆசிரியை. கையில் 26 லட்சம் இருக்கிறது. மகளின் படிப்புக்கென்று சீட்டும் வங்கியுமாகச் சேர்த்த பணம். மகளுக்கு இப்போது 9 வயது. என் கேள்வி நேரடியானது. இந்தக் கார் பத்து வருடத்தில் சேகரிப்பாளர்கள் தேடுகிற காராக ஆகுமா? அந்தப் பணத்தை இதில் போடலாமா?

நுவரெலியா இளவல் | சனி, இரவு 9.05

அக்கா, யோசிக்கவே வேண்டாம், வாங்குங்கள்! ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன்ஷிப்பை 1984இல் டொம் வோக்கின்ஷோ வென்றது இந்த எக்ஸ்ஜே-எஸ்ஸில்தான். அதே வருடம் ஸ்பா 24 மணி நேர ஓட்டம், அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவில் பாதர்ஸ்ட். இந்தப் பரம்பரை உள்ள வி12 இனிமேல் யாரும் செய்யப்போவதில்லை. உலகமே மின்சாரக் காருக்குப் போகிறது.

ஜகுவாரின் முந்தைய ஸ்போர்ட்ஸ் கார் ஈ-டைப்பையும் பாருங்கள். எழுபதுகளில் அது வெறும் பழைய கார், இன்றைக்கு எட்டிப் பார்க்கவே முடியாது. எக்ஸ்ஜே-எஸ் அதற்கு அடுத்த பிள்ளை. எங்கள் ஊர் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் 1934இல் தொடங்கியது. ஏப்ரல் சீசனில் பழைய கார்களைப் பார்க்க எவ்வளவு கூட்டம் வருகிறது என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் இப்படியொரு கார் நிற்கிறது என்று தெரிந்தால் கொழும்பிலிருந்து ஆள் வரும்.

ஹட்டன் ஸ்பேனர் | சனி, இரவு 10.20

தங்கச்சி, விலையப் பத்தி பெறகு பேசலாம். மொதல்ல ரேடியேட்டரப் பாருங்க.

நான் 31 வருசமா இந்த மலையில வண்டி பாக்குறேன். இந்த வி12 எஞ்சின நாலு தடவ தொறந்திருக்கேன், நாலும் ஒரே காரணம்: சூடு. பொனட்டுக்குள்ள காத்துப் போக எடமே இல்ல. 5.3 லீற்றர், பன்னெண்டு சிலிண்டர், முழுக்க அலுமினியம். ரேடியேட்டர்ல அடிப்பகுதி சகதி சேந்து அடச்சிரும். மேல தண்ணி ஓடும், சூடு காட்டுற முள்ளு சாதாரணமா நிக்கும், நீங்க நம்பி ஏத்தத்துல மிதிப்பீங்க. ஒரே ஒரு தடவ நல்லா கொதிச்சா போதும், எக்ஸோஸ்ட் வால்வு உக்காருற சீட்டு கழண்டு விழும். அப்புறம் ஹெட்டக் கழட்டணும். இந்த எஞ்சின்ல ஹெட்டக் கழட்டுறது வாரக் கணக்கு வேல.

மலையில இன்னொண்ணு. நுவரெலியா உயரம் 1,868 மீற்றர். அங்க தொறந்த பாத்திரத்துல தண்ணி ஏறக்குறைய 94 பாகையிலயே கொதிச்சிரும். ரேடியேட்டர் மூடி நல்லா அமுக்கிப் பிடிச்சாத்தான் கொதி தாங்கும். பழைய மூடியோட ரம்பொட ஏறக் கூடாது.

தம்பி இளவல் சொன்ன ரேஸ் கத எல்லாம் உண்மதான். ஆனா அந்த ரேஸ் வண்டிக்குப் பின்னால இருபது பேரு ஸ்பேனரோட நின்னாங்க.

பண்டாரவளை தாரணி | ஞாயிறு, காலை 6.50

ஸ்பேனர் அண்ணே, அப்பாவும் இதையேதான் சொல்வார். "இந்த வண்டிக்கு ஓட்டக்காரன் முள்ளைப் பார்க்கணும், ரோட்டை அதுவாகப் பார்த்துக்கொள்ளும்" என்பார். கொதித்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அப்போது நான் சின்னவள்.

மாத்தளை கணக்கு | ஞாயிறு, காலை 9.15

தாரணி டீச்சர், நான் நிதித்துறையில் இருப்பவன். காரை எனக்குப் பிடிக்கும், அதனால்தான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் "கார் வாங்கினால் நட்டமே இல்லை" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் ஓடுகிற எந்தக் காருக்கும் விலை ஏறியது. அதன் நடுவே 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தொட்டது. ஒரு காரை 40 லட்சத்துக்கு வாங்கி 70 லட்சத்துக்கு விற்றவர் இலாபம் என்று நினைக்கிறார். ரூபா விழுந்ததைக் கழித்துப் பார்த்தால் அவர் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார். அந்த ஐந்து வருடத்தை வைத்து அடுத்த பத்து வருடத்தைக் கணக்குப் போட முடியாது.

இரண்டாவது, அவசரத்துக்கு விற்க முடியுமா என்று பாருங்கள். வேகன் ஆர் என்றால் காலையில் விளம்பரம் போட்டால் மாலையில் காசு. இந்தக் காருக்கு ஒரு வாங்குபவர் வர ஒரு வருடம் ஆகலாம். மகளின் அனுமதிக் கட்டணம் அதுவரை காத்திருக்காது. படிப்புப் பணத்தை இதில் போடாதீர்கள். இதை நான் மிகத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கொவென்ட்ரிவாசி | ஞாயிறு, பிற்பகல் 2.30

பிள்ளை, நான் யாழ்ப்பாணம், இஞ்ச இங்கிலாந்தில கொவென்ட்ரிக்கு வந்து முப்பது வருசமாகுது. இந்தக் கார் பிறந்த பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலை இருந்த இடத்துக்கு என்ர வீட்டிலயிருந்து நடந்து போகலாம். 2005இல அங்க கார் பூட்டுறதை நிப்பாட்டிப்போட்டினம். இப்ப வீடுகள் நிக்குது. அங்க வேலை செய்த சில பேரை எனக்குப் பழக்கம், அவையளிட்டக் கேட்டதையும் நான் கண்டதையும் சொல்லுறன்.

தம்பி ஈ-டைப்பை இழுத்தவர். ரெண்டுக்கும் விதி வேற தம்பி. ஈ-டைப் 1961இல ஜெனீவாவில வெளிவந்த அண்டைக்கே சனம் மயங்கிப்போச்சுது. பழசாகி மலிஞ்சாலும் அந்த மயக்கம் போகேல்ல. எக்ஸ்ஜே-எஸ் 1975 செப்டெம்பரில வந்தது. பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலம் முடியேக்க பன்னிரண்டு சிலிண்டர் கார். வடிவத்தைத் தொடக்கின மல்கம் சேயர் 1970லயே செத்துப்போனார், ஈ-டைப்பின்ர வடிவமும் அவற்றதான். பின் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் சரிஞ்சு போற அந்தத் தூண் மாதிரி வளைவுகளை அப்ப கனபேருக்குப் பிடிக்கேல்ல. "இது ஈ-டைப் இல்லை" எண்ட ஒரே குற்றச்சாட்டைத்தான் அந்தக் கார் இருபது வருசம் கேட்டது. எனக்கு அந்த வளைவுகள் தான் அதின்ர அழகு. பின்னேர வெயிலில பின்னால நிண்டு பாத்தால் விளங்கும்.

எண்ணிக்கையைப் பாருங்கோ. ஈ-டைப் ஏறக்குறைய 72,500. எக்ஸ்ஜே-எஸ் 1996 வரைக்கும் 115,413. அதுக்குள்ளயும் தேடுறவை வேற வேறயைத்தான் தேடுகினம். ஆரம்பத்தில கையால கியர் போடுற வி12 வெறும் 352 செய்தவை, அதுக்கு ஆள் இருக்கு. 1988இல வந்த கூரை திறக்கிற கார், கடைசிக் காலத்து 6 லீற்றர், இதுகளுக்கும் ஆள் இருக்கு. உங்கட கார், எண்பதுகளின்ர எச்ஈ கூப்பே, இஞ்ச கனக்க இருக்குது. விலை மெல்ல ஏறியிருக்கு, இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா நல்லதாத் திருத்தி எடுக்கிற செலவை விற்கிற விலை எட்டுறேல்ல. இது நான் கண்ணால கண்டது.

ஒரு கேள்வி. காரோட என்ன கடுதாசி இருக்கு? டொக்டர் வாங்கின பில், சேர்விஸ் புத்தகம், கப்பல் பத்திரம்?

மலர்க்கோலம் கண்டி | ஞாயிறு, மாலை 5.10

தாரணி, நான் கண்டியில் கல்யாண அலங்காரமும் கார் வாடகையும் செய்கிறேன். இலங்கையில் பழைய கார் சம்பாதித்துக் கொடுக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: கல்யாணம். அதை யாரும் இன்னும் சொல்லவில்லை.

எங்களிடம் கேட்பது பழைய நாலு கதவு பென்ஸ், பழைய நாலு கதவு ஜகுவார், ஒஸ்டின். நாலு கதவு ஏன் முக்கியம் என்றால், பொண்ணு கூரைச்சேலையோடு பின்சீட்டில் ஏறி இறங்க வேண்டும், பக்கத்தில் மாப்பிள்ளை, முன்னால் தோழி. எக்ஸ்ஜே-எஸ்ஸின் பின்சீட் சின்னப் பிள்ளைகளுக்கே இடுக்கு. ஒரு தடவை ஒருவர் இந்த மாதிரி ஒரு காரைக் கொண்டுவந்து "வாடகைக்குப் போடுங்கள்" என்றார். ஒரு சீசன் முழுக்க ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. படம் எடுக்கப் பக்கத்தில் நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

அதனால் வாடகை வருமானத்தை நம்பி வாங்க வேண்டாம். உங்கள் அப்பா ஓட்டிய கார் என்பது வேறு விஷயம். அதற்கு நான் விலை சொல்ல மாட்டேன்.

ஒஸ்டின் பதுளை | திங்கள், காலை 7.30

மகள், நான் பதுளையில் 1953 ஒஸ்டின் ஏ40 வைத்திருக்கிறேன். என் தகப்பனார் வாங்கியது. ஆங்கில எழுத்து நம்பர். அதற்குப் பிறகு நம்பர் பலகையில் வந்த சிங்கள ஸ்ரீ எழுத்தை வைத்து 1958இல் என்னவெல்லாம் நடந்தது என்று எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். இன்றைக்கு அதே ஸ்ரீ பலகையோடு உள்ள கார் வேண்டும் என்று சேகரிப்பவர்கள் தேடி வருகிறார்கள். எதற்கு மதிப்பு வரும், எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்வது கஷ்டம் என்பதற்காகச் சொன்னேன்.

ஆனால் நாற்பது வருடம் பழைய காரோடு இருந்ததில் ஒன்றைக் கண்டேன். இங்கே மதிப்பு வருவது சனங்களுக்குத் தெரிந்த காருக்கு. தோட்டத்தில் ஓடிய லேண்ட் ரோவர், டவுனில் ஓடிய ஒஸ்டின், பீட்டில், மொரிஸ் மைனர். இவற்றைப் பார்த்தால் "எங்கள் துரையிடம் இது இருந்தது", "எங்கள் தாத்தாவை இதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்" என்று யாராவது சொல்வார்கள். வாங்க வருகிறவரும் அந்த நினைவுக்காகத்தான் வருகிறார். எக்ஸ்ஜே-எஸ் நம் ஊரில் மிக அரிது. அரிது என்பதால் யாருக்கும் அதோடு ஒரு நினைவு இல்லை. அதைக் கனவு கண்டு வளர்ந்த தலைமுறை கொழும்பில் கொஞ்சம் உண்டு, வெளிநாட்டில் உண்டு. பதுளையில் இல்லை.

உதிரிப்பாகமும் யோசியுங்கள். என் ஏ40க்குத் தேவையான புஷ்ஷை பதுளையில் லேத்தில் கடைந்து வாங்குவேன். உங்கள் காரின் இக்னிஷன் பெட்டியைக் கடைய முடியாது.

பண்டாரவளை தாரணி | திங்கள், இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. கணக்கு அண்ணா சொன்னதைப் படித்துவிட்டு இரவு தூங்கவில்லை. அது சரி என்று எனக்கும் தெரிகிறது.

கொவென்ட்ரி அண்ணா கேட்ட கடுதாசிகள்: இன்று டொக்டர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். 1988 பில் இருக்கிறது. இங்கிலாந்தில் செய்த சேர்விஸ் முத்திரைகள் இருக்கின்றன. சுங்கப் பத்திரம் இருக்கிறது. வாகனப் புத்தகம் டொக்டரின் பெயரிலேயே, ஒரே உரிமையாளர். ஓடாத வருடங்களுக்குப் பிரதேச செயலகத்தில் பாவனையில் இல்லை என்று எழுதிக் கொடுத்த கடிதமும் இருக்கிறது, வரி நிலுவை இல்லை.

பிறகு டொக்டர் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் தந்தார். உள்ளே அப்பாவின் நான்கு கொப்பிகள். இவை இருப்பதே எனக்குத் தெரியாது. 1994 முதல் 2016 வரை ஒவ்வொரு பயணமும். திகதி, மைல், எத்தனை லீற்றர், ஒயில், தண்ணீர் எவ்வளவு விட்டது, முள் எங்கே நின்றது. ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்:

"பண்டாரவளை - கொழும்பு. பெரகலை, பலாங்கொடை, இரத்தினபுரி வழி. 45 லீற்றர். திரும்பும்போது ஹல்துமுல்லை ஏற்றத்தில் முள் நடுவைத் தாண்டியது. நிறுத்திவிட்டேன். மூடியைத் தொடவில்லை. 40 நிமிசம். டொக்டர் ஐயா வெளியே இறங்கி நடந்தார். பிறகு மெதுவாக இரண்டாம் கியரில் அப்புத்தளை."

அடுத்த வாரம்: "ரேடியேட்டர் கழற்றிச் சுத்தம். புது மூடி. விசிறி கிளச் மாற்றம். இப்போது முள் அசையவில்லை."

அப்பா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தார்.

கொவென்ட்ரிவாசி | திங்கள், இரவு 11.45

பிள்ளை, அந்தக் கொப்பியளை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. காரை வாங்கினாலும் வாங்காட்டிலும் முதலில ஒவ்வொரு பக்கமாப் படம் எடுங்கோ.

இருபத்திரண்டு வருசம் ஒரே கை, ஒரே எழுத்து, முள்ளு நிண்ட இடம் வரைக்கும். இஞ்ச ஏலத்தில காரைப் பற்றி எழுதேக்க முழுச் சேர்விஸ் வரலாறு எண்டு போடுவினம். அதுக்கெண்டு காட்டுறது பத்துப் பன்னிரண்டு கராஜ் பில். இது மாதிரி ஒண்டை நான் கண்டதே இல்லை. ஒரே உரிமையாளர், வாங்கின பில், கப்பல் பத்திரம், இந்தக் கொப்பி. ஜகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்டுக்கு எழுதினால் செஸி நம்பரை வைச்சு என்ன திகதியில செய்தது, என்ன நிறம், என்ன எஞ்சின் நம்பர் எண்டு சான்றிதழ் தருவினம். அதையும் எடுத்து வையுங்கோ.

இவ்வளவும் சேர்ந்தால் ஒரே மாதிரி ரெண்டு காருக்குள்ள உங்கடதைத்தான் ஒருத்தன் கேப்பான். ஆனா நான் முதல் சொன்னதை மாத்தேல்ல. இந்த மாடல் பொன்னாகாது. கடுதாசியள் இந்த ஒரு காரைத்தான் மற்றதுகளிலயிருந்து பிரிச்சுக் காட்டும்.

நுவரெலியா இளவல் | செவ்வாய், காலை 8.10

பிரிட்டனுக்கு அனுப்பி விற்றால்? 30 வருடம் தாண்டிய, அசல் நிலையில் உள்ள சேகரிப்புக் காருக்கு அங்கே சுங்கவரி இல்லை, 5 வீத வாட் மட்டும்தான் என்று படித்தேன். 40 வருடம் தாண்டினால் அங்கே வாகன வரியும் இல்லை. நம் பக்கத்திலும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்பது 1945க்கு முன் பதிவான கார்களுக்குத்தான்.

கொவென்ட்ரிவாசி | செவ்வாய், மாலை 4.00

அது சரி தம்பி. ஆனா கப்பல் கூலியும் காப்புறுதியும் போட்டு, இஞ்ச ஏற்கெனவே மலிவாக் கிடைக்கிற ஒரு காரை ஏன் பண்டாரவளையிலயிருந்து எடுக்க வேணும்? ஒரு காரணம் தான் இருக்கு: துரு. இஞ்ச பனிக்கு ரோட்டில உப்புப் போடுவினம், அடிப்பக்கம் சல்லடையாப் போகும். ஊவாவின்ர காய்ஞ்ச காத்தில நிண்ட கார் எண்டால் அதுக்கு ஒரு விலை. தங்கச்சி, கம்பளத்தைத் தூக்கிப் பின்சீட்டுக்கு முன்னால தரையைப் பாருங்கோ. பின் சில்லைப் பிடிக்கிற ரேடியஸ் ஆம் பூட்டுற இடம். இந்தக் கார் சாகிற இடம் அதுதான்.

ஒரு தேயிலைக்காரன் | செவ்வாய், இரவு 7.20

கொழும்பில் ஒரு வியாபாரி இதே காரைத் தேடி பண்டாரவளைக்கு வந்ததாகக் கேள்விப்பட்டேன். டீச்சருக்குத் தெரிந்திருக்கட்டும்.

பண்டாரவளை தாரணி | செவ்வாய், இரவு 8.30

ஆமாம். 38 லட்சம் கொடுக்கிறேன் என்றாராம். வெள்ளை நிறம் அடித்து, கூரையை வெட்டித் திறந்த காராக்கி ஒரு ஹோட்டல் வாசலில் நிறுத்தப்போகிறாராம். அதைச் சொல்லும்போது டொக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஹட்டன் ஸ்பேனர் | செவ்வாய், இரவு 8.41

கூரைய வெட்டுனா அந்த வண்டி முடிஞ்சுது. பாடியோட பலமே அதுலதான் இருக்கு.

தங்கச்சி, ஞாயித்துக்கெழம நான் வாறேன். கூலி வேணாம், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் பாத்துக்குங்க. அதுவரைக்கும் அந்த எஞ்சின ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. ரெண்டு பக்க சிலிண்டருக்கும் நடுவுல, அந்த பள்ளத்துல பெற்றோல் ஹோஸ் ஓடும். சூட்டுல வெந்து வெடிச்சிருக்கும். இந்த வண்டி பத்திக்கிறதே அந்த எடத்துலதான்.

பண்டாரவளை தாரணி | ஞாயிறு, இரவு 9.30

ஸ்பேனர் அண்ணன் காலை 5.30 பஸ்ஸில் ஏறி வந்து மாலை 4 மணி வரை பார்த்தார். அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன்.

பெற்றோல் ஹோஸ்களைக் கையால் வளைத்தபோதே வெடிப்புத் தெரிந்தது. நான்கு வருடமாக டொக்டர் அதை ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார் என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஹோஸை மாற்றிய பிறகுதான் அண்ணன் சாவியைத் திருகினார். சூடான பிறகு ரேடியேட்டரில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார்: கீழ் மூன்றில் ஒரு பகுதி குளிர்ச்சி, அடைத்திருக்கிறது. பன்னிரண்டு சிலிண்டரில் பதினொன்று ஒரே அழுத்தம், ஒன்று சிறிது குறைவு, ஆபத்தில்லை என்றார். முன்பக்கத்து ப்ளக் இரண்டையும் கழற்ற மட்டும் ஒன்றரை மணி நேரம், ஏசி கம்ப்ரஸர் மறைத்துக்கொண்டிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் டைமிங்கைக் கூட்டுகிற பகுதி இறுகிப்போயிருந்தது, ஒயில் விட்டு விட்டு அசைத்தார். பின் பிரேக் சில்லில் இல்லாமல் டிஃபரன்ஷலை ஒட்டி இருக்கிறது. அங்கே ஒயில் சீல் கசிந்து டிஸ்க்கில் படிந்திருக்கிறது. அதைச் சரியாகச் செய்யப் பின்பக்கத்து முழுக் கட்டமைப்பையும் இறக்க வேண்டும்.

கம்பளத்தையும் தூக்கினோம். வலப்பக்கம் தொழிற்சாலைப் பெயின்டே இருக்கிறது. இடப்பக்கம் ரேடியஸ் ஆம் பூட்டும் இடத்தில் உள்ளங்கை அளவு துரு. வெட்டி, புதுத் தகடு வைத்து ஒட்டலாம் என்கிறார்.

ஹட்டன் ஸ்பேனர் | ஞாயிறு, இரவு 11.10

வீடு வந்து சேந்துட்டேன். தங்கச்சி எழுதுனது எல்லாம் சரி. ரெண்டு விசயம் சேக்குறேன்.

நல்ல வண்டி. 38 வருச வண்டியில இவ்வளவு காஞ்ச தரைய நான் பாத்ததில்ல. நுவரெலியாவுல நின்னிருந்தா இந்நேரம் தரையே இருக்காது. அப்பா பாத்த வேல ஒவ்வொரு போல்ட்லயும் தெரியுது. கிளிப்ப வாய் எந்தப் பக்கம் இருக்கணுமோ அந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருக்காரு. கொப்பியில எழுதுன மாதிரியே இருக்கு.

எஞ்சினோட அழுத்த விகிதம் 12.5க்கு 1. ஒக்டேன் 95 பெற்றோல் மட்டும் அடிங்க, டைமிங்க ஒரு தொட்டு பின்னால வைக்கிறேன். மேல காத்து லேசு, அதனால எஞ்சின் தட்டிச் சத்தம் போடாது. கொழும்புக்கு எறங்கினாத்தான் காதக் குடுத்துக் கேக்கணும். செலவு, என் கூலிய விட்டுட்டு, சாமானுக்கு மட்டும் ஏழு எட்டு லட்சம் வரும். ஒரே தடவையில செய்ய வேணாம்.

மாத்தளை கணக்கு | திங்கள், காலை 7.00

அப்படியானால் 32 கூட்டல் 8, 40 லட்சம். பத்து வருட வங்கி வட்டியை விட்டுக்கொடுக்கிறீர்கள், வருடாவருடம் காப்புறுதி, பராமரிப்பு. அந்தக் கணக்கை ஈடுகட்டும் அளவுக்கு இது ஏறாது என்றுதான் இந்த இழையில் காரை அறிந்த எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். முதலீடு என்ற சொல்லை எடுத்துவிட்டு, "என்னால் இழக்கக்கூடிய பணம் எவ்வளவு" என்று கேளுங்கள். அந்தத் தொகை டொக்டருக்குப் போதுமா என்று பிறகு அவரிடமே கேளுங்கள்.

பண்டாரவளை தாரணி | வியாழன், இரவு 8.15

அப்படியே கேட்டேன்.

டொக்டரிடம் இழையில் வந்த எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கொவென்ட்ரி அண்ணா சொன்ன 115,413ஐக் கேட்டதும் "அவ்வளவா!" என்றார். மகளின் பணத்தைத் தொட முடியாது, என் பெயரில் தனியாக இருப்பது 9 லட்சம்தான் என்று சொன்னேன். அந்தத் தொகைக்குத் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவரும் அப்படிச் சொல்லவில்லை. மெல்பேர்னில் இருக்கும் பெரிய மகனோடு அன்றிரவே பேசினார்.

முடிவு இது. கார் டொக்டர் பெயரிலேயே இருக்கும். கராஜ் அவருடையது. நான் விலை எதுவும் கொடுக்கவில்லை, திருத்தச் செலவைச் செய்கிறேன், ஒவ்வொரு செலவும் எழுதப்படும். பிறகு எப்போதாவது விற்றால் 32 லட்சம் அவர்களுக்கு, என் செலவு எனக்கு, மிச்சமிருந்தால் சரிபாதி. கூரையை வெட்டவோ நிறத்தை மாற்றவோ கூடாது என்று பெரிய மகனே எழுதச் சொன்னார். நொத்தாரிசிடம் போய்க் கையெழுத்து வைத்துவிட்டோம். மகளின் 26 லட்சம் வங்கியிலேயே இருக்கிறது, கணக்கு அண்ணா.

மிச்சம் வரும் என்று நான் இப்போது நம்பவில்லை. ஆனால் 38 லட்சத்துக்குக் கொடுத்திருந்தால் அடுத்த மாதம் அந்தக் கூரை இருந்திருக்காது.

ஒஸ்டின் பதுளை | வியாழன், இரவு 9.40

நல்ல ஏற்பாடு மகள். ஓடத் தொடங்கியதும் பதுளைக்கு வாருங்கள்.

கொவென்ட்ரிவாசி | வெள்ளி, காலை 5.20

செஸி நம்பரை அனுப்புங்கோ, ஹெரிட்டேஜ் சான்றிதழுக்கு நானே எழுதுறன். காசு என்ர கணக்கு. ரேடியஸ் ஆம் புஷ்ஷும் பின் சீலும் இஞ்ச வாங்கி, ஓகஸ்ட்டில என்ர தம்பி வரேக்கக் குடுத்து விடுறன்.

பண்டாரவளை தாரணி | சனி, இரவு 7.50

நன்றி அண்ணா. நம்பர் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.

இன்றைக்கு ரேடியேட்டரை இறக்கினோம். கீழேயிருந்து வந்த சகதி ஒரு மீன் டின் நிறைய. ஸ்பேனர் அண்ணன் அதைச் சுத்தம் செய்ய ஹட்டனுக்கு எடுத்துப் போயிருக்கிறார், அடுத்த ஞாயிறு வருவார். அப்பாவின் நான்காவது கொப்பியில் 11 பக்கம் வெறுமையாக இருந்தது. இன்றைய திகதியைப் போட்டு, ரேடியேட்டர் இறக்கியது, மூடி பழையது, விசிறி கிளச் நன்று என்று எழுதினேன். முள் நின்ற இடத்துக்கு மட்டும் கோடு போட்டு விட்டிருக்கிறேன், வண்டி ஓடிய பிறகு நிரப்ப.